மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை: காயிலைக் குறை சொல்வதற்கு முன்

கேள்வி இதுதான்: "சம்பிலிருந்து இரண்டாவது மாடிக்கு மேலே இருக்கும் டேங்குக்குத் தண்ணீர் ஏற்ற அரை ஹெச்.பி. மோட்டார் வைத்திருக்கிறோம். சில நாள் உர்ரென்று சத்தம் மட்டும் வருகிறது, சுற்றுவதில்லை. சில நாள் நன்றாகச் சுற்றுகிறது, தண்ணீர்தான் ஏறுவதில்லை. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, காயில் போய்விட்டது, கட்டுவதைவிடப் புதுசாகவே வாங்கிவிடுங்கள் என்கிறார். வாங்கலாமா? வீட்டு மோட்டாரில் பொதுவாக வரும் கோளாறுகளில் நாமே பார்க்கக்கூடியவை எவை?"

உடனே வாங்க வேண்டாம். காயில் கருகிய மோட்டார் பெரும்பாலும் இன்றைக்கு ஓடி நாளைக்கு மக்கர் பண்ணுவதில்லை. ஸ்விட்ச் போட்டதும் எம்.சி.பி. (ஃபியூஸுக்குப் பதிலாக இருக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழும், இல்லையென்றால் வார்னிஷ் கருகும் வாடை வரும். அந்த வாடையை ஒரு தடவை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். நீங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை. நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள். உர்ரென்று நிற்பது ஸ்டார்ட் ஆவதில் உள்ள சிக்கல், அல்லது உள்ளே எங்கோ இறுகியிருக்கிறது. சுற்றியும் தண்ணீர் ஏறாதது மோட்டாருக்கும் சம்புக்கும் நடுவில் இருக்கும் சங்கதி. இரண்டுக்கும் காயில் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

காயில் கட்டும் பட்டறையில் பல வருடம் இருந்தவன் என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன். பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வரும் மோட்டார்களில் நிறைய, காயிலைத் தொடாமலே திரும்பிப் போகக்கூடியவை. மோட்டார் என்ன சத்தம் போடுகிறது, எத்தனை ஆம்ப்ஸ் இழுக்கிறது, தண்ணீர் எப்படி வருகிறது என்ற மூன்றையும் கவனித்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று முக்கால்வாசி தெரிந்துவிடும். ஸ்பேனரை எடுப்பது அதற்கு அப்புறம்தான்.

எதையும் திறப்பதற்கு முன் ஒன்று. ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கையை வைக்காதீர்கள். பழைய வீடுகளில் ஸ்விட்சை நியூட்ரலில் போட்டிருப்பார்கள். அணைத்த பிறகும் மோட்டாரில் கரன்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்குங்கள். நேரடி இணைப்பு என்றால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு டெஸ்டர் வைத்துப் பாருங்கள். மோட்டார் கிளம்பத் தள்ளிக்கொடுக்கும் கன்டென்சர் (கெப்பாசிட்டர்), கரன்ட்டை எடுத்துவிட்ட பிறகும் சார்ஜைச் சேர்த்து வைத்திருக்கும். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு ஒயர்களையும் அதன் முனைகளில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று இந்த வேலை வேண்டாம். மோட்டார் ஓடும்போது குழாயைத் தொட்டால் சுரீர் என்கிறதா? அப்படியானால் இதற்கு மேல் படித்துப் பயனில்லை. எம்.சி.பி.யை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

சரி, உர்ரென்ற சத்தத்துக்கு வருவோம். கரன்ட் காயிலுக்குப் போகிறது, ஆனால் சுற்ற முடியவில்லை என்று அர்த்தம். இந்த நிலையில் பத்து விநாடிக்கு மேல் விடாதீர்கள். நல்ல காயில் கருகுவது இப்போதுதான். கரன்ட்டை எடுத்துவிட்டு, மோட்டாரின் பின்பக்க மூடிக்குள் இருக்கும் ஃபேனையோ, ஷாஃப்ட் முனையையோ சுற்றிப் பாருங்கள். பல மோட்டார்களில் ஷாஃப்ட் முனையில் ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திருப்ப ஒரு வெட்டு இருக்கும். கையால் லேசாகச் சுற்றினால் பிரச்சினை கன்டென்சரிலோ வோல்டேஜிலோ இருக்கிறது. சுற்றவே மாட்டேன் என்றால் ஜாம்.

ஜாம் என்பது ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்தால் வருவது. அரை ஹெச்.பி. செல்ஃப் பிரைமிங் (குழாய்க் காற்றைத் தானே வெளியேற்றித் தண்ணீர் பிடிக்கும்) மோட்டார்களில் இருக்கும் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் சக்கரம், ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய பித்தளைத் தட்டு. அதற்கும் அதை மூடியிருக்கும் கேசிங்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மிக மிகக் குறைவு. உப்புத் தண்ணீர் ஊரில் அந்த இடுக்கில் சுண்ணாம்பு படிந்து பிடித்துக்கொள்ளும். ஒரு மணல் பருக்கை போதும். ஸ்க்ரூடிரைவரால் இரண்டு பக்கமும் மெதுவாக அசைத்து அசைத்துத் திருப்பினால் பெரும்பாலும் விட்டுவிடும். சுத்தியலால் ஷாஃப்ட்டைத் தட்டுவது வேண்டாம், பேரிங்கும், ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீலும் சேர்ந்து போகும்.

கையால் சுற்றுகிறது, ஆனாலும் உர்ர். இது கன்டென்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வர்ணனைக்கும் இதுதான் பொருந்துகிறது. கன்டென்சர் ஒரேயடியாகச் செத்துப்போவதைவிட, கொஞ்சம் கொஞ்சமாக அளவு குறைந்துகொண்டே வருவது அதிகம். அளவு குறைந்தால் ஸ்டார்ட் ஆகும் விசை குறையும். காலையில் வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது எப்படியோ தள்ளிக்கொண்டு கிளம்பிவிடும். சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும்போது கிளம்பாது. சில நாள் ஓடுகிறது, சில நாள் இல்லை என்பதன் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

கன்டென்சர் பெட்டியைத் திறந்தால் பல வீடுகளில் முதலில் கண்ணில் படுவது எறும்புக் கூடு. மண்ணும் வெள்ளை முட்டையுமாக டெர்மினல் மேலேயே கட்டியிருக்கும். ஒயரைக் கொஞ்சம் இழுத்தால் கருத்துப்போன திருகோடு கையில் வரும். சில சமயம் இதைச் சுத்தம் செய்து, ஒயர் முனையைப் புதிதாகச் சீவி முறுக்கினாலே மோட்டார் ஓடிவிடும். கன்டென்சர் உப்பியிருக்கிறதா, அடியில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் மேலேயே அளவு அடித்திருக்கும். அரை ஹெச்.பி.க்குப் பெரும்பாலும் 10 மைக்ரோஃபாரட், 440 வோல்ட். மல்டிமீட்டரில் கெப்பாசிட்டர் அளக்கும் வசதி இருந்தால் வைத்துப் பாருங்கள். 10 என்று போட்டிருப்பது 7, 8 என்று காட்டினால் தூக்கிப் போட வேண்டியதுதான். மீட்டர் இல்லையா, அதே அளவில் புதிது வாங்கி மாட்டிப் பாருங்கள். புது மோட்டார் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமேயில்லை. "பெரிசாப் போட்டா நல்லாத் தூக்கும்ணே" என்று கடைக்காரப் பையன் 10க்குப் பதில் 20 கொடுத்தால் வாங்காதீர்கள். இந்த மோட்டாரில் கன்டென்சர் ஓடும் நேரம் முழுக்க இணைப்பிலேயே இருக்கும். அளவு கூடினால் ஸ்டார்ட்டிங் காயிலில் கரன்ட் கூடி அது சூடாகும்.

வோல்டேஜ் விஷயத்தைச் சாதாரணமாக விட்டுவிடுகிறோம். மோட்டாரின் திருகு விசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 இருந்தால் விசை சுமார் 60 சதவீதம்தான். 160க்கு இறங்கினால் பாதிகூட இல்லை. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: மோட்டார் ஓடாதபோது பிளக்கில் 225 காட்டும், ஸ்விட்ச் போட்டதும் 170க்கு விழும். அப்படி விழுந்தால் குறை பெரும்பாலும் மின்வாரியத்திடம் இல்லை, உங்கள் ஒயரிங்கில் இருக்கிறது. லூசான நியூட்ரல், கருகிய பிளக் முனை, லைட்டுக்கு இழுத்த மெல்லிய ஒயரிலேயே மோட்டாரையும் கோத்திருப்பது. அதனால் மோட்டார் ஓடும்போதே அளந்து பாருங்கள். மூன்று ஃபேஸ் வரும் வீடு என்றால் ஃபேஸ் மாற்றும் ஸ்விட்சைத் திருப்பி வேறு ஃபேஸில் போட்டுப் பாருங்கள். ஒரு ஃபேஸில் ஓடி இன்னொன்றில் ஓடவில்லை என்றால் மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை.

சத்தமே இல்லாமல் இருப்பது வேறு கதை. டேங்க் நிரம்பினால் தானாக நிறுத்தும் கன்ட்ரோலர் போட்டிருக்கிறீர்களா? முதல் சந்தேகம் அதன் மேல்தான் வர வேண்டும். டேங்குக்குள் தொங்கும் சென்சாரில் உப்பு படிந்தால் காலி டேங்கையும் நிரம்பிய டேங்க் என்றே அது நினைத்துக்கொள்ளும். கன்ட்ரோலரை விலக்கிவிட்டு நேரடியாக ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்புறம், சிறிய மோட்டார் பலவற்றில் காயிலுக்குள்ளேயே ஒரு வெப்பப் பாதுகாப்பு இருக்கிறது. சூடு அதிகமானால் அது இணைப்பைத் துண்டிக்கும், ஆறியதும் தானே சேர்த்துவிடும். இருபது நிமிடம் ஓடி நின்று, அரை மணி கழித்துத் தானாகக் கிளம்பும் மோட்டார் இதனால்தான் அப்படிச் செய்கிறது. "செத்துப்போச்சு" என்று நினைத்து, பிளக்கைப் பிடுங்காமல் ஃபேன் மூடியைக் கழற்றுபவரின் விரலுக்கு உலை வைப்பதும் இதுதான்.

இனி உங்கள் இரண்டாவது கோளாறு. இதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீண் செலவு அதிகம் நடப்பது இங்கேதான்.

மோட்டார் தண்ணீரை இழுக்கிறது என்று சொல்கிறோம். நடப்பது என்னவென்றால், மோட்டார், சம்பிலிருந்து வரும் சக்ஷன் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றுகிறது. சம்பில் தண்ணீர் மேல் அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று, தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. அந்த வெளிக்காற்றால் கணக்குப்படி சுமார் 10.3 மீட்டர், அதாவது 34 அடி வரைதான் தள்ள முடியும். நடைமுறையில் 20 முதல் 25 அடி. எத்தனை ஹெச்.பி. போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. தரையில் வைத்த சாதாரண மோட்டாரால் நாற்பது அடிக் கிணற்றுத் தண்ணீரை எடுக்க முடியாததும் இதனால்தான். உங்கள் சம்பு ஏழெட்டு அடிதான் இருக்கும், ஆழம் பிரச்சினையில்லை. ஆனால் குழாய்க்குள் காற்று புக ஒரு சின்ன வழி இருந்தாலும் எல்லாம் கெட்டுவிடும். ஓட்டை ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போலத்தான். எவ்வளவு உறிஞ்சினாலும் காற்றுதான் வரும்.

முதலில் மோட்டார் மேலே இருக்கும் பிரைமிங் மூடியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்பு வரை நிரப்பிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருங்கள். மட்டம் அப்படியே நின்றால் நல்லது. இறங்கிக்கொண்டே போனால் ஃபுட்வால்வ் (சக்ஷன் குழாயின் அடி முனையில் தண்ணீரைத் திரும்ப இறங்க விடாத வால்வ்) பிடிக்கவில்லை, அல்லது சக்ஷனில் எங்கோ கசிவு. ஃபுட்வால்வைக் கழற்றிப் பார்த்தால் பல தடவை மடல் முழுதாக மூட முடியாமல் ஒரு வேப்பிலைக் காம்போ, சிமென்ட் துகளோ நடுவில் சிக்கியிருக்கும். வாய்சர் கெட்டித்துப்போய் ஓரம் பிய்ந்திருப்பதும் உண்டு. எடுத்துக் கழுவுங்கள், வாய்சரை மாற்றுங்கள். அரித்துப்போயிருந்தால் ஃபுட்வால்வையே மாற்றிவிடுவது மேல். அதன் வலை எப்போதும் தண்ணீருக்குள் நன்றாக மூழ்கி, அதே சமயம் தரைச் சேற்றைத் தொடாமல் ஒரு அடியாவது மேலே இருக்க வேண்டும். சில செல்ஃப் பிரைமிங் மோட்டார்களில் ஃபுட்வால்வ் இருக்காது, மோட்டாரின் வாயிலேயே ஒரு ரப்பர் மடல் இருக்கும். பார்க்க வேண்டியது அதே விஷயம்தான்.

சக்ஷன் கசிவைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் தந்திரமான வேலை. டேங்குக்குப் போகும் டெலிவரி பக்கம் ஓட்டை என்றால் தண்ணீர் பீய்ச்சும், கண்ணுக்குத் தெரியும். சக்ஷனில் மோட்டார் ஓடும்போது ஒரு சொட்டும் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். எனவே மோட்டாரை ஓட விட்டு, யூனியன், எல்போ என்று ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் ஈரத்துணியை இறுக்கிச் சுற்றிப் பாருங்கள். எந்த ஜாயின்ட்டில் சுற்றியபோது சத்தம் மாறித் தண்ணீர் பிடிக்கிறதோ, அங்கேதான் ஓட்டை. அந்தத் துணியும் உங்கள் கையும் டெர்மினல் பெட்டிப் பக்கம் போகக் கூடாது, சொல்லிவிட்டேன். வெயிலில் கிடக்கும் பி.வி.சி. குழாய் சில வருடத்தில் மொறுமொறுவென்று ஆகி, மோட்டார் அதிர்வுக்கு ஜாயின்ட் அருகே மயிரிழை விரிசல் விடும். அதன் மேல் எம்-சீல் அப்பினால் சில நாள் தாங்கும். அந்தத் துண்டை அறுத்துவிட்டுப் புதுத் துண்டு ஒட்டுவதுதான் வேலை. இரும்புக் குழாய் மரையாக இருந்தால் டெஃப்லான் டேப்பைப் பிரித்துவிட்டுப் புதிதாகச் சுற்றுங்கள்.

கசிவே இல்லை, ஃபுட்வால்வ் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஏறவில்லை என்றால் ஏர் லாக், அதாவது உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. சம்பு ஒரு தடவை காலியாகி மோட்டார் காற்றை இழுத்துவிட்டால் இது வரும். டெலிவரி குழாயில், ஏறிய தண்ணீரைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வ் இருந்தால் இன்னும் மோசம். அதற்கு மேலே முப்பது நாற்பது அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. மோட்டாருக்குள் இருக்கும் காற்றால் அந்த எடையைத் தள்ளி வால்வைத் திறக்க முடியாது. காற்று வெளியேறாமல் தண்ணீர் உள்ளே வராது. மோட்டாருக்கும் அந்த வால்வுக்கும் நடுவில் ஒரு சின்னக் குழாய்த் திருகு வைத்தால் ஜென்மத்துக்கும் இந்தத் தொல்லை இல்லை. திறந்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள், புஸ்ஸென்று காற்று போய், துப்பித் துப்பித் தண்ணீர் வந்து, தாரையானதும் மூடிவிடுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிட்டு மறுபடி தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்து ஓடும் மோட்டாரில் முதலில் போவது மெக்கானிக்கல் சீல். அதைக் குளிர்விப்பதே தண்ணீர்தான்.

தண்ணீர் வருகிறது, ஆனால் முன்பு போல இல்லை என்பது அடுத்த புகார். முன்பு எவ்வளவு வந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. டேங்க் வாயில் இருபது லிட்டர் வாளியைப் பிடித்து நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 36 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 33 லிட்டர். ஆயிரம் லிட்டர் டேங்க் அரை மணியில் நிரம்பும். குறைந்துவிட்டது என்றால், ஒன்று இம்பெல்லர் தேய்ந்திருக்கும், இல்லை குழாய் அடைத்திருக்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்க, மோட்டாரின் டெலிவரியைக் குழாயிலிருந்து கழற்றி நேரே வாளியில் விட்டுப் பாருங்கள். பக்கத்தில் பீய்ச்சிக்கொண்டு வருகிறது, மேலே மட்டும் ஏறவில்லை என்றால் இரண்டு காரணமும் இன்னும் இருக்கிறது. பக்கத்திலேயே மந்தமாக வந்தால் மோட்டார் அல்லது சக்ஷன்தான். ஓடும்போது ஆம்ப்ஸ் வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் குழாய் அடைப்பின் பக்கம் சந்தேகம் சாயும். உப்புத் தண்ணீர் ஏற்றும் பழைய குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பாறை வளர்ந்திருக்கும். உள்விட்டம் பாதியானால் அதே அளவு தண்ணீர் போக உராய்வு சுமார் 32 மடங்கு ஆகிறது. இதற்குப் பெரிய மோட்டார் வாங்குவது பணத்தைக் கொட்டி உராய்வைச் சூடாக்கும் வேலை. குழாயை மாற்றுங்கள்.

அடைப்பு, மோட்டாரையும் கெடுக்கும் என்பது பலருக்குத் தெரியாது. சாதாரண சென்ட்ரிஃப்யூகல் பம்ப்பில் டெலிவரி வால்வைக் குறைத்தால் சுமை குறையும். ஆனால் பல் வெட்டிய இம்பெல்லர் போட்ட செல்ஃப் பிரைமிங் மோட்டாரில் நேர்மாறு: வால்வைக் குறைத்தால் சுமை ஏறும், ஆம்ப்ஸ் ஏறும், சூடாகும். கேட் வால்வைப் பாதி மூடி ஓட்டும் வீடுகளில் மோட்டார் அடிக்கடி சூடாகி நிற்பது இதனால்தான். மழைக்குப் பயந்து மோட்டாரைச் சாக்கிலும் பிளாஸ்டிக் தாளிலும் பொதிந்து கட்டுவதும் அதே வினை. பின்னால் ஃபேன் காற்றை இழுக்க வழி வேண்டாமா? மேலே ஒரு தகரக் கூரை போதும், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும்.

ஸ்விட்ச் போட்டதும் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) விழுகிறது என்றால் கரன்ட் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் சீலில் இருந்து கசிந்த தண்ணீர் மோட்டாருக்குள் போயிருக்கும். வெயிலில் நன்றாகக் காய வைத்து, கரன்ட் கசிகிறதா என்று அளக்கும் மெக்கர் மீட்டர் வைத்துச் சோதித்த பிறகே ஓட்ட வேண்டும். "அதை எடுத்துட்டு நேரா குடுத்துடலாம் சார்" என்று சொல்லும் எலக்ட்ரீஷியனை அப்படியே வாசலோடு அனுப்பிவிடுங்கள். வீட்டில் வைக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. விழுவது உயிரைக் காப்பாற்றத்தான்.

கசிவைப் பற்றி ஒரு வரி. மெக்கானிக்கல் சீல் போட்ட மோட்டாரில் ஷாஃப்ட் பக்கம் ஒரு சொட்டும் விழக் கூடாது. சீலுக்குப் பதில் ஷாஃப்ட்டைச் சுற்றிப் பழைய கிளாண்ட் கயிறு போட்ட பம்ப்பில் சொட்டுச் சொட்டாக விழத்தான் வேண்டும். அதை முழுக்க நிறுத்த நட்டை இறுக்கினால் ஷாஃப்ட் தேயும். சீல் கசிவை நாளாக ஆக விட்டால் அந்தத் தண்ணீர் பேரிங்குக்குப் போகும், கரகரவென்று சத்தம் வரும், பேரிங் ஆடினால் ரோட்டர் உரசும், உரசினால் காயில். சீலையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்றுவதுதான் என் பழக்கம். பேரிங் எண் அதன் மேலேயே அடித்திருக்கும், அதே எண்ணைக் கேட்டு வாங்கினால் போதும்.

போர்வெல் வைத்திருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள்ளேயே இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரில் நம் கண்ணுக்குத் தெரிவது மேலே இருக்கும் பேனல் பெட்டி மட்டும்தான், எனவே ஆம்ப் மீட்டர்தான் உங்கள் நாடி. ஒரு ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் சுமார் ஏழு ஆம்ப்ஸ் இழுக்கும். உங்கள் மோட்டார் நன்றாக ஓடும் நாளில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து வையுங்கள். வழக்கத்தைவிட வெகுவாகக் குறைந்து, தண்ணீரும் இல்லையென்றால் மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடுகிறது, அல்லது கீழே ஷாஃப்டும் பம்ப்பும் சேரும் கப்ளிங் போய்விட்டது. வழக்கத்தைவிட ஏறி ஓவர்லோடு ரிலே விழுந்தால் மணல் சிக்கியிருக்கலாம், வோல்டேஜ் குறைந்திருக்கலாம், பேனலில் உள்ள கன்டென்சர் போயிருக்கலாம். ஆம்ப்ஸ் சரியாக இருந்தும் தண்ணீர் மேலே வரவில்லையா, போர் வாயில் காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே சலசலவென்று தண்ணீர் விழும் சத்தம் கேட்டால், இறக்கிய குழாயில் நடுவே ஓட்டை. மேலேற்றிய தண்ணீர் அப்படியே போருக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருக்கிறது.

பேனலில் ஸ்டார்ட் செய்யும் பச்சைப் பொத்தானை ஓரிரு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். ஸ்டார்ட்டிங் கன்டென்சர் அந்த ஒரு கணத்துக்காகச் செய்தது. பிடித்துக்கொண்டே இருந்தால் பட்டென்று வெடிக்கும். பேனலுக்குள் பல்லி செத்துக் கிடந்து கான்டாக்ட் சேராமல் போவதும் தினசரி நடப்பதுதான்.

ஐந்து நிமிடம் நன்றாக வந்து, காற்றும் தண்ணீருமாகத் துப்பி, நின்று, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஐந்து நிமிடம் வந்தால் மோட்டாரைத் திட்டாதீர்கள். போரில் ஊறும் தண்ணீர் நீங்கள் எடுப்பதைவிடக் குறைவு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்தபோது சென்னையில் இப்படித்தான் போர்கள் துப்பின. மோட்டாரைக் கீழே இறக்கலாம், ஆனால் போரின் அடிவரை இறக்கினால் சேற்றில் புதையும். இன்னும் பெரிய மோட்டார் போட்டால் ஐந்து நிமிடம் மூன்று நிமிடமாகும், அவ்வளவுதான். நேரத்தைப் பிரித்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது, காய்ந்து ஓடினால் நிறுத்தும் ரிலே வைப்பது, இரண்டும்தான் உருப்படியான வழி.

போருக்குள் காற்றை அடித்துத் தண்ணீரை மேலே ஏற்றும் கம்ப்ரசர் வைத்த வீடுகளில் வி-பெல்ட் தளர்ச்சி, ஆயில் மட்டம், காற்றுக் குழாய்க் கசிவு மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். குளியலறைக்குப் பிரஷர் பம்ப் வைத்தவர்கள், யாரும் குழாயைத் திறக்காதபோதே அது டக் டக்கென்று ஓடி நிற்கிறது என்பார்கள். எங்கோ ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறது, பம்ப்புக்கு ஒன்றுமில்லை. மாநகராட்சிக் குடிநீர் இணைப்பில் நேராக மோட்டார் வைத்திருப்பவர்கள் தண்ணீர் வரவில்லை என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. அது சட்டப்படி தவறு, பறிமுதல் செய்வார்கள். அது போக, குழாயில் விரிசல் இருந்தால் சாக்கடையையும் சேர்த்து இழுக்கும்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்பினால்: முதலில் கன்டென்சர், பிறகு ஓடும்போது வோல்டேஜ், பிறகு தண்ணீர் ஊற்றி ஃபுட்வால்வ் சோதனை. இதெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை, மெக்கானிக் இன்னும் காயில்தான் என்கிறார் என்றால், மோட்டாரைப் பிரித்து உங்கள் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். நல்ல காயில் தேன் நிறத்தில் பளபளக்கும், கருகியது கரிக்கட்டையாக இருக்கும். பார்த்தால் யாருக்கும் தெரியும். கட்டுவதானால் செம்புக் கம்பியா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அலுமினியத்தில் கட்டிச் செம்பு விலை வாங்குபவர்களும் உண்டு. பிரித்தெடுத்த பழைய செம்பு உங்களுடையது, எடைக்குப் போட்டால் காசு; கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். அரை ஹெச்.பி.க்குக் காயில், பேரிங், சீல், இம்பெல்லர் நான்கும் சேர்ந்து போயிருந்தால் மட்டும் புதுசு வாங்குவது லாபம்.

அப்படி வாங்கப் போனால் ஹெச்.பி.யை மட்டும் கேட்டு வாங்காதீர்கள். சம்பின் தண்ணீர் மட்டத்திலிருந்து டேங்க் வாய் வரை உயரத்தை அளந்துகொண்டு போங்கள். உங்கள் வீட்டுக்கு 40, 45 அடி, அதாவது 12 முதல் 14 மீட்டர் இருக்கும்; குழாய் உராய்வுக்கு இரண்டு மூன்று மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். மோட்டாரின் பெயர்ப்பலகையில் ஹெட் (தண்ணீர் ஏற்றும் உயரம்) 6 முதல் 30 மீட்டர் என்பது போல ஒரு வரம்பு போட்டிருக்கும். உங்கள் உயரம் அதன் நடுப்பகுதியில் விழ வேண்டும். ஓரத்தில் விழுந்தால் மோட்டார் ஓடும், தண்ணீர் நூலாக வரும். செல்ஃப் பிரைமிங் வகைக்கு ஐ.எஸ். 8472, மோனோபிளாக் சென்ட்ரிஃப்யூகலுக்கு ஐ.எஸ். 9079 என்ற தர எண் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மோட்டாரின் பலகையையும் சக்ஷன், டெலிவரி குழாய் அளவையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால், கடையில் நின்றுகொண்டு ஒரு இஞ்சா முக்கால் இஞ்சா என்று வீட்டுக்குப் போன் போட வேண்டியிருக்காது.